அயல்நாட்டு வேர்

சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்னர், நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் வந்து, "சாமி, நடுச்சாமப் பூசையில் ஒரு தெலுங்குப் பாட்டுப் பாடலாமா?" என்று கேட்டார். "திருத்தணி 1960 ஏப்ரல் முதல் நாளிலேயே தமிழகத்தோடு சேர்ந்துவிட்டதே, அம்மா! தமிழ்ப்பாட்டே போதும்" என்று வேடிக்கையாகச் சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் மறுமொழி கூறவில்லை.

பிப்ரவரித் திங்களில் பெங்களூருக்குச் சென்றிருந்தபோது, நண்பரான குரு ஒருவர் நந்திமலைப் பக்கத்துத் திராட்சைத் தோட்டம் ஒன்றுக்கு நம்மை அழைத்துச் சென்றார். இரசத்துக்கான கனிகளை வெயில் ஏறுமுன் பறித்துக்கொண்டிருந்தனர். தோட்டக்காரர் ஒரு கொடியின் அடியில் புடைத்திருந்த ஒட்டைக் காட்டி, "இதற்குக் கீழே அமெரிக்க வேர், மேலே பிரெஞ்சுக் கொடி, ஃபாதர்" என்றார்.

அந்த ஒட்டுக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கக் கொடிகளோடு ஃபில்லாக்சிரா என்னும் நுண்ணிய வேர்ப்பூச்சி கடல் கடந்து வந்து, 1860-களில் பிரான்சின் தோட்டங்களை அழிக்கத் தொடங்கிற்று. 1868-இல் பிளான்ஷோன் என்ற அறிஞரும் அவர் தோழரும் பட்டுப்போன கொடிகளின் வேரில் அதனைக் கண்டனர். அப்பூச்சியைத் தாங்கும் வலிமையோ அமெரிக்க வேருக்கே இருந்தது. "அந்நிய வேர் நம் இரசத்தின் சுவையைக் கெடுத்துவிடும்" என்று எதிர்த்தோர் பலர். ஆயினும் கனியின் குணம் மேலே ஒட்டிய கொடியைச் சார்ந்தது. நோய் வந்த வழியே மருந்தும் வந்தது. இதற்கு உதவிய டெக்சாஸ்காரர் மன்சனுக்குப் பிரெஞ்சு அரசு 1888-இல் விருது வழங்கிச் சிறப்பித்தது.

நம் நாட்டுக்கும் அவ்வழியே உதவி வந்தது. வறட்சியையும் உவர்நிலத்தையும் தாங்கும் டாக்ரிட்ஜ் வேர் டெக்சாஸ் மண்ணுக்குரியது. நந்திமலையடியில் குரோவர் குடும்பத்தினர் அமைத்த தோட்டத்துக்கு, போர்தோ நகர்ப்புறத்து வல்லுநர் மிஷேல் ரோலான் 1990-களில் ஆலோசகரானார். ஆனால் பிரான்சில் கொடி குளிர்காலத்தில் உறங்கும், இங்கோ உறக்கமில்லை. ஆதலால் ஏப்ரல் வாக்கில் கிளைக்காக ஒருமுறையும், அக்டோபர் வாக்கில் கனிக்காக ஒருமுறையும் கவாத்து செய்கின்றனர். இது நம் உழவர் அறிவு. வெப்பத்தில் இனிப்பு விரைந்து ஏறிப் புளிப்புக் குறையுமாதலின், குளிர்வேளையில் பறித்து, குளிரூட்டிய எஃகுத் தொட்டிகளில் புளிக்க வைக்கின்றனர். அயலார் அறிவும் நம்மவர் பட்டறிவும் கூடியே நல்லிரசம் பிறக்கிறது.

குடியைப் புகழ இதனை எழுதவில்லை. மறுநாள் பலிபீடத்தில் கிண்ணத்தை உயர்த்தியபோது, அந்த மூதாட்டியின் முகம் நம் நினைவில் நின்றது. எத்தனை நாட்டார் கைபட்ட இரசத்தை நாள்தோறும் ஏந்தும் நாம், பத்துக் கல் தொலைவிலிருந்து வந்த ஒரு பாட்டுக்கு எல்லை வகுத்தோம்!

ஊர் திரும்பியதும் அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். பாஸ்கா இரவில் அவர் தெலுங்கில் பாடினார். பொருள் தெரியாத பிள்ளைகளும் இரண்டாம் அடியில் சேர்ந்துகொண்டனர்.