யார்கிட்ட சொல்லுவ?

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் உடல் பாதுகாப்பைப் பற்றிப் பேசப் போனால் நான் சாலையிலிருந்துதான் தொடங்குவேன். ரோட்டை எப்படிக் கடப்போம், சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றுப் பக்கம் ஏன் போகக் கூடாது, அறுந்து கிடக்கும் கரண்ட் கம்பியைப் பார்த்தால் யாரிடம் ஓடிப்போய்ச் சொல்வோம், வெடியைப் பற்றவைத்துவிட்டு எவ்வளவு தள்ளி நிற்போம் என்று கேட்பேன். எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி, ஆளாளுக்குக் கையைத் தூக்குவார்கள். அந்தச் சத்தம் அடங்குமுன் அடுத்த விதியையும் சொல்லிவிடுவேன். ஜட்டிக்குள், உள்ளாடைக்குள் இருக்கிற இடங்கள் உன்னுடையவை. உன்னைச் சுத்தமாக, நலமாக வைத்துக்கொள்வதற்குத் தவிர வேறெதற்கும் யாரும் அவற்றைப் பார்க்கவோ தொடவோ கூடாது. அவர்களுடையதைப் பார், தொடு என்று உன்னிடம் சொல்லவும் கூடாது.

இங்கே குரல் மாறக் கூடாது. கிணற்றைச் சொன்ன அதே குரலில் இதையும் சொல்ல வேண்டும். நாம் குரலைத் தாழ்த்தினால், இது வெளியே பேசக் கூடாத சமாச்சாரம் என்பதைத்தான் பிள்ளை முதலில் கற்றுக்கொள்ளும். பின்னால் நிற்கும் வகுப்பாசிரியர் நெளிந்தாலும் அதே கதிதான். அதனால் ஆசிரியர்களோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுவேன்.

‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் பள்ளிகளில் பரவலாக இருக்கிறது. நான் அப்படிச் சொல்வதில்லை. ஊசி வலிக்கும், ஆனால் அது நல்லதற்கு. கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டே, சாக்லேட் கொடுத்து, விளையாட்டுப்போல ஒருவர் தொடுவது வலிக்காது, சிரிப்புக்கூட வரலாம். கெட்டது என்றால் வலிக்கும், பயமாக இருக்கும் என்று கற்றுக்கொண்ட பிள்ளை, நமக்குச் சிரிப்பு வந்ததே, அப்படியானால் தப்பு நம்முடையதுதானோ என்று குழம்பிப்போகும். போனில் அசிங்கமான படத்தைக் காட்டுகிறவர் பிள்ளையைத் தொடுவதேயில்லை. எப்படி உணர்ந்தாய் என்பதை வைத்து எட்டு வயதுக் குழந்தை தீர்ப்புச் சொல்ல முடியாது. விதி என்றால் பிடித்துக்கொள்ள எளிது. விதியை யாராவது மீறினால் சொல்லிவிட வேண்டும், தப்பு மீறியவருடையது. அவ்வளவுதான்.

பெற்றோர் கூட்டத்தில் பேசுவதுதான் இதைவிடக் கடினம். “தெரியாதவங்ககிட்ட பேசாதேன்னு சொல்லித்தான் மேடம் வளர்க்கிறோம்” என்பார்கள். மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வை அவர்களிடம் சொல்வேன். 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலைச் சந்தித்திருந்தார்கள். அப்படிச் சந்தித்தவர்களில் பையன்களின் எண்ணிக்கை பெண் பிள்ளைகளைவிடச் சற்று அதிகம். ஆம்பளப் பிள்ளைக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அப்பாக்கள் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். செய்கிறவர்களில் பெரும்பாலோர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். வீட்டுக்கு வருகிறவர், டியூஷன் எடுப்பவர், வேனில் கூட்டிப்போகிறவர், உறவுமுறை சொல்லிக் கூப்பிடப்படுகிறவர்.

அப்படியிருக்க, “மாமாவுக்கு முத்தம் கொடு, அடம் பிடிக்காதே” என்று பிள்ளையைத் தள்ளிவிடுவதை நிறுத்தச் சொல்வேன். வணக்கம் சொன்னால் போதும், மரியாதை குறைந்துவிடாது. பெரியவங்க சொன்னா கேட்கணும் என்று விதிவிலக்கே இல்லாமல் வீட்டில் சொல்லிக்கொடுத்துவிட்டு, வகுப்பில் வந்து ‘வேண்டாம்’ என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள் என்றால் அது நடக்காது. குளிப்பாட்டும்போது கை, கால், முதுகு என்று சொல்வதோடு உள்ளாடைக்குள் இருக்கிற உறுப்புகளுக்கும் ஒரு பெயர் சொல்லிவையுங்கள். பெயர் தெரியாத இடத்தில் நடந்ததைப் பிள்ளை எப்படிச் சொல்லும்? பிறந்தநாள் கேக்கை மறைத்துவைப்பது இரண்டு நாளில் எல்லோருக்கும் தெரிந்து சந்தோஷமாக முடியும். “அம்மாகிட்ட சொல்லாதே” என்று யாராவது காலத்துக்கும் மறைக்கச் சொன்னால் அதை அன்றைக்கே அம்மாவிடம் சொல்லலாம் என்று பழக்குங்கள்.

வகுப்பு முடிந்ததும் சார்ட்டுகளை நான் மெதுவாகத்தான் சுருட்டுவேன். ஏனென்றால் பிள்ளைகள் நேராக வந்து சொல்வதில்லை. “மிஸ், ஒரு பொண்ணு இருக்கு, அவளுக்கு இப்படி ஆனா யார்கிட்ட சொல்லணும்?” என்பார்கள். ரப்பர் பேண்டை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் நிற்பார்கள். அந்தப் பொண்ணு யார் என்று நான் கேட்பதில்லை. “அவ சொன்னா நான் நம்புவேன். அவ மேல தப்பில்ல” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். அந்தப் பேச்சில் சில நேரம் ‘அவள்’ சட்டென்று ‘நான்’ ஆகிவிடும், சில நேரம் அதற்கு வாரங்கள் ஆகும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போங்கள் என்று கூப்பிடுகிற பள்ளிகளிடம், சில நாள் கழித்து அதே வகுப்புக்கு இன்னொரு தடவை வர அனுமதி கேட்டுத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி, இப்படி நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பது குற்றம். “உன்னைப் பத்திரமாப் பார்த்துக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்” என்பதுதான் நான் கொடுக்கக்கூடிய வாக்கு. போலீஸ், கோர்ட்டு என்றதும் குடும்பம் பதறும். அதே சட்டம் வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்கச் சொல்கிறது. கூடுமானவரை பெண் அதிகாரி, சீருடையில்லாமல் வர வேண்டும். இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெயர் ஊடகத்தில் வரக் கூடாது. இவற்றைப் பொறுமையாக எடுத்துச் சொன்னபின் ‘நமக்கெதுக்கு’ என்று எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி ஒன்று உண்டு. கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, ஒவ்வொரு விரலிலும் தனக்கு நம்பிக்கையான ஒரு பெரியவரின் பெயரை எழுத வேண்டும். ஒருவர் நம்பாவிட்டால் அடுத்த விரல், அவரும் நம்பாவிட்டால் அதற்கடுத்தது. அம்மா, பாட்டி என்று விறுவிறுவென்று ஐந்தையும் நிரப்பிவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டோடு நின்று பென்சிலைக் கடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய தாளில் சுண்டுவிரலுக்குக் குழந்தைகள் உதவி எண்ணான 1098 என்று எழுதித் தருவேன், பள்ளி மாணவர்களுக்கான உதவி எண் 14417-ஐயும் சொல்வேன். ஆனால் எண்ணை அழுத்துவதற்கு முன்னால் முகம் பார்த்துப் பேச ஓர் ஆள் வேண்டும்.

கிராமத்துப் பள்ளிகளில் அடிக்கடி வரும் பெயர் சத்துணவு அக்கா. அப்படிப் பெயர் வந்த அக்காவைச் சமையல்கட்டில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். எந்தப் பிள்ளை என்று சொல்ல மாட்டேன். உங்களை நம்புகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்வேன். “நான் படிக்காதவம்மா, எங்கிட்ட வந்து சொன்னா நான் என்ன பண்றது?” என்று கேட்டார் ஒருவர். அடுப்பு எரிந்துகொண்டிருக்க, அங்கேயே பலகையைப் போட்டு உட்கார்ந்தோம். ‘ஏன் அப்பவே சொல்லல’ என்று கேட்கக் கூடாது, துருவித் துருவி விவரம் கேட்கக் கூடாது, பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அன்றைக்கே 1098-க்குப் பேச வேண்டும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டு, அந்த நம்பரை இன்னொரு முறை சொல்லச் சொல்லி அரிசி டின்னின் மூடியில் கரித்துண்டால் எழுதிக்கொண்டார்.