கொண்டை தங்கும், கோழி தங்குமா?



ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போகிற சாலை செண்பகத்தோப்பில் போய் முடியும். பேச்சியம்மன் கோயிலைத் தாண்டினால் காடு. காட்டழகர் கோயிலுக்கும் மீன்வெட்டிப்பாறைக்கும் அங்கிருந்துதான் ஏற வேண்டும். அந்த அடிவாரத்து மாந்தோப்புகளில் ஒன்று என் தாய்மாமாவுடையது. தோப்பை நினைத்தால் கூடவே கொண்டைக்கோழிகளும் நினைவுக்கு வந்துவிடும். சேவல் தலையில் இருக்கும் சிவப்புப் பூவைச் சொல்லவில்லை. உச்சந்தலையில் இறகாலேயே கொத்தாக முடிந்துவைத்த மாதிரி இருக்குமே, அந்தக் கொண்டை. அத்தை வளர்த்த கூட்டத்தில் கறுப்பிலும் செவலையிலும் அப்படி இரண்டு மூன்று எப்போதும் நிற்கும். நாட்டுக்கோழி வகைகளைச் சொல்லும் நம் கால்நடைப் புத்தகங்கள் குருவுக்கோழி, பெருவிடை, கழுத்தில் இறகில்லாத கிராப்புக்கோழி, குட்டைக்கால் கோழி என்கிற வரிசையில் கொண்டைக்கோழிக்கும் ஒரு வரி ஒதுக்கும். அந்த ஒரு வரி போதாது என்பதற்காகத்தான் இந்த மடல்.

நான் இப்போது இருப்பது சுவிட்சர்லாந்தின் கிழக்கு மூலையில், சாங்க்ட் காலன் மாநிலத்தில். தெற்கே 2,502 மீட்டர் உயரத்தில் சென்டிஸ் சிகரம், அதன் அடியில் அப்பென்செல் மேய்ச்சல் நிலம். இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு கொண்டைக்கோழி உண்டு. அப்பென்செல்லர் ஷ்பிட்ஸ்ஹௌபன் என்று பெயர். இவ்வூர்ப் பெண்கள் திருவிழா உடையோடு அணியும் பின்னல் தொப்பியை வைத்து வந்த பெயர். வெள்ளி நிற உடம்பில் கறுப்புப் பொட்டு வைத்தவை அதிகம், பொன்னிறத்திலும் உண்டு. கொண்டை பின்னால் சரியாமல் நெற்றியின் மேல் முன்பக்கமாக நிமிர்ந்து நிற்கும். அதனால் கண் மறைவதில்லை. பூ இருக்க வேண்டிய இடத்தில் கவட்டை மாதிரி இரண்டு சின்னக் கொம்புகள். பெரிய பூ கடும்பனியில் உறைந்து கறுத்துப்போகும். இந்தக் கொம்புக்கு அந்த ஆபத்து குறைவு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூக்குத் துவாரங்கள் மற்றக் கோழிகளைவிட அகன்று திறந்திருப்பது தெரியும். பெட்டை ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. சாயங்காலம் கூட்டைத் திறந்துவைத்தாலும் ஆப்பிள் மரத்தில் ஏறித்தான் உட்காருவேன் என்று அடம்பிடிக்கும். செண்பகத்தோப்பில் மாமரக் கிளையில் அடைகிற கோழியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைவிடச் சொந்தம் வேறென்ன வேண்டும்?

இந்த இனமும் ஒரு காலத்தில் போய்ச் சேர்கிற நிலையில்தான் இருந்தது. முட்டைப் பண்ணைகளுக்கென்று பெருக்கிய கலப்பினங்கள் வந்தபின், ஆண்டுக்கு 150 முட்டை இடுகிற மலைக்கோழியை யார் வைத்துக்கொள்வார்கள்? 1982-ல் தொடங்கிய புரோஸ்பெசியேராரா என்ற அமைப்பு, அருகிவரும் கால்நடை இனங்களையும் பயிர் வகைகளையும் காப்பதையே வேலையாக எடுத்துக்கொண்டது. சுவிஸ் நாட்டின் பழைய கோழியினங்களாக எஞ்சியவை மூன்று: இந்த ஷ்பிட்ஸ்ஹௌபன், தாடி வைத்த அப்பென்செல்லர் பார்ட்ஹூன், வெள்ளை நிற ஷ்வைட்சர்ஹூன். மூன்றையும் கொல்லைப்புறத்தில் கோழி வளர்க்கும் சாதாரண ஆட்கள்தான் தூக்கி நிறுத்தினார்கள். ஆளுக்கொரு சின்னக் கூட்டம் வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் சேவலை மாற்றிக்கொண்டு, காலில் வளையம் மாட்டி, எந்தக் குஞ்சு எந்தத் தாய்க்குப் பிறந்தது என்று எழுதிவைக்கிறார்கள். எனக்குக் குஞ்சு கொடுத்த பெரியவர் கேட்டதும் அது ஒன்றைத்தான்: வேறு இனச் சேவலை இவற்றோடு விடக்கூடாது. ஒரு கோழி வளர்த்தாலும் மாநில அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். அதையும் முடித்தேன்.

என் குஞ்சுகள் ஜூன் மாதத்தில் பொரித்தவை. ஐந்து ஆறு மாதத்தில் விடைக்கோழி முட்டையிட வேண்டும். கணக்குப்படி நவம்பர், டிசம்பர். அந்த மாதங்களில்தான் இங்கே பகல் எட்டரை மணி நேரமாகச் சுருங்கும். கோழிக்கு முட்டைப்பையைத் திறக்கிற சாவி வெளிச்சம். கண் வழியாகப் போகிற வெளிச்சத்தைவிட, மண்டையோட்டைக் கடந்து மூளையின் அடிப்பகுதியைத் தொடுகிற வெளிச்சம்தான் முக்கியமாகக் கருவகத்தை எழுப்பும். பகல் நீள்கிறது என்று உடம்புக்குத் தெரிந்தால்தான் வேலை ஆரம்பமாகும். பண்ணைகளில் விளக்குப் போட்டுப் பகலைப் பதினாலு மணி நேரத்துக்கு மேல் நீட்டிவிடுவார்கள். நான் விளக்குப் போடவில்லை. அதன் பருவத்தில் அது இடட்டும் என்று விட்டுவிட்டேன்.

தொலைபேசியில் அத்தைக்கு இது புரியவேயில்லை. "ஆறு மாசமாச்சுங்குற, இன்னும் இடலையா? என்னத்தப் போட்டு வளக்குற தம்பி?" என்பார். அவர் கேள்வியிலும் நியாயம் இருந்தது. செண்பகத்தோப்பு நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஒன்பதரை பாகைதான். அங்கே பகல் ஆண்டு முழுக்கப் பதினொன்றரை மணி நேரத்துக்கும் பன்னிரண்டே முக்காலுக்கும் இடையிலேயே நிற்கும். எந்த மாதத்தில் விடை வந்தாலும் இட்டுவிடும். ஐப்பசி அடைமழையில் மட்டும் கொஞ்சம் தயங்கும். எங்கள் ஊர்க் கோழிக்குச் சூரியனை எதிர்பார்த்து நிற்கிற வேலையே கிடையாது.

அத்தை சொன்ன அடையாளங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் சிவக்கும். கையை முதுகில் வைத்தால் ஓடாமல் பதுங்கி உட்காரும். கேற ஆரம்பிக்கும், அதாவது இடம் தேடி அலைந்துகொண்டு, இழுத்து இழுத்து ஒரு குரல் கொடுக்கும். கடைசியாக, பின்பக்கம் இரண்டு இடுப்பெலும்புகளின் முனையையும் தடவிப் பார்க்க வேண்டும். முட்டைக்குத் தயாராகாத கோழிக்கு அந்த இடைவெளியில் ஒரு விரல் நுழைவதே கஷ்டம். இரண்டு மூன்று விரல் தாராளமாக இருந்தால் நாள் நெருங்கிவிட்டது. கால்நடை மருத்துவப் பாடப்புத்தகமும் இதே சோதனையைத்தான் சொல்லிக்கொடுக்கிறது. அத்தை பள்ளிக்கூடம் போகாமலே அதைச் செய்தவர்.

பிப்ரவரியில், தரையில் பனி உருகாத ஒரு காலையில், வைக்கோலில் முட்டை கிடந்தது. சின்னது, சுண்ணாம்பு வெள்ளை, ஒரு முனையில் கோடாகக் கொஞ்சம் ரத்தக்கறை. கன்னிக்கோழிக்கு அது சகஜம். கையில் எடுத்தபோது சூடு ஆறவில்லை. மஞ்சள் கரு கருவகத்திலிருந்து இறங்கியதிலிருந்து முட்டை வெளியே வர ஏறத்தாழ 25 மணி நேரம். அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போகிறது. அந்தச் சுண்ணாம்பில் ஒரு பகுதியைத் தன் எலும்பிலிருந்தே கோழி எடுத்துக் கொடுக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு அத்தை, "முத முட்டைய அடைக்கு வச்சிராத. சிறுசா இருக்கும், குஞ்சும் நோஞ்சானா வரும். முட்டை ஒரு அளவுக்கு வரட்டும்" என்றார். எனக்குக் குஞ்சு கொடுத்தவரும் ஏறக்குறைய அதே சொல்லைச் சொன்னார். இரண்டு கண்டத்தில் இரண்டு பேர், ஒரே பாடம்.

அன்றைக்குத்தான் அத்தையிடம் நம் கொண்டைக்கோழிகளைப் பற்றிக் கேட்டேன். "கொண்டை வெச்சது நாலு நிக்கி. ஆனா பழைய கோழி இல்ல தம்பி" என்றார். சில வருடங்களுக்கு முன் வண்டியில் வந்த வியாபாரியிடம் நாட்டுக்கோழி என்று குஞ்சு வாங்கிவிட்டார்கள். சீக்கிரம் எடை போடும் கலப்புக் குஞ்சுகள். அவை கூட்டத்தில் கலந்தன. இப்போது பொரிக்கிற குஞ்சுகளில் கொண்டை வருகிறது, ஆனால் அந்தப் பெட்டைகள் அடையில் உட்காருவதில்லை. பருந்து நிழல் விழுந்தால் குஞ்சைக் கூப்பிட்டுச் செடிக்குள் ஒடுங்கத் தெரியவில்லை. அந்தத் தோப்பில் கீரியும் காட்டுப்பூனையும் வருகிற இடத்தில், பானைக்குள் சாணியும் பழைய சாக்கும் போட்டுக் கவிழ்த்துப் பிடித்த கரையானையும் சிந்திய கம்பையும் தின்று தானே பிழைத்தது பழைய இனம். அந்தப் புத்தியெல்லாம் எங்கே போயிற்று?

இதற்கு விடை மரபணுவில் இருக்கிறது. கொண்டை ஓங்கு பண்பு. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே குஞ்சுக்கு ஓரளவாவது வந்துவிடும். உடம்பின் பின்பகுதியில் வேலை செய்ய வேண்டிய ஹாக்ஸ் குடும்பத்து மரபணு ஒன்று தலைத் தோலிலும் வேலை செய்வதுதான் காரணம் என்று 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால் எத்தனை கலப்பு நடந்தாலும் கொண்டை தெரிந்துகொண்டே இருக்கும். அடை காக்கிற குணமும், நோயைத் தாங்குகிற உடம்பும், காட்டோரத்தில் பிழைக்கிற சாமர்த்தியமும் பல மரபணுக்கள் சேர்ந்து வருவது. அது சத்தமில்லாமல் கரையும். கொண்டையைப் பார்த்துக் கோழி இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். எனக்கு இதுதான் பெரிய கவலை.

வேறு ஒரு திசையிலும் ஆபத்து இருக்கிறது. இப்போது தமிழ்நாட்டுச் சந்தைகளில் பேன்சி கோழி என்று போலிஷ் கேப் விற்கிறார்கள். பந்து மாதிரி கொண்டை, முகமே தெரியாது. அந்த அளவுக்குக் கொண்டை பெருத்தால் மண்டையோடே மேல்நோக்கிப் புடைத்துவிடும். டார்வின் 1868-ல் வெளியிட்ட வளர்ப்பு உயிர்கள் பற்றிய நூலில் அந்த மண்டையோட்டை விவரித்திருக்கிறார். கொண்டையைப் பெரிதாக்குகிறேன் என்று நம் கோழியோடு போலிஷைச் சேர்ப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். பருந்தைப் பார்க்க முடியாத கோழி செண்பகத்தோப்பில் ஒரு வாரம் தாங்காது.

காப்பாற்றுவது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் சரணாலயம் வந்தது. அது 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. இராஜபாளையம் நாய்க்கு 2005-ல் அஞ்சல்தலை வெளியிட்டார்கள். சென்னை சைதாப்பேட்டையில் அரசே அந்த இனத்தைப் பெருக்கித் தந்த காலமும் உண்டு. காட்டுக்குள் மேயும் சாம்பல் காட்டுக்கோழியைச் சட்டம் காக்கிறது. உலகத்துக் கோழிகளின் மஞ்சள் தோலும் மஞ்சள் காலும் அந்தக் காட்டுக்கோழியின் வழியாக வந்தவை என்று 2008-ல் மரபணு ஆய்வு சொன்னது. காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே தோப்பில் நிற்கிற கொண்டைக்கோழிக்கு மட்டும் யாரும் இல்லை. கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபுவளப் பணியகத்தின் இனப் பட்டியலில் அசில் இருக்கிறது, கடக்நாத் இருக்கிறது, நிக்கோபாரி இருக்கிறது. நம் கொண்டைக்கோழிக்குத் தனி இடம் இல்லை. கால்நடை மரபுவளத்தைக் காக்க உலக நாடுகள் கூடி 2007-ல் செயல்திட்டம் வகுத்தது இதே சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில்தான். அந்தத் தாள் நம் ஊர்ப் பஞ்சாரத்தைத் தானாக வந்து சேராது.

மாமாவிடம் பேசிவிட்டேன். தோப்பின் ஒரு மூலையில் வேலி அடைத்து, மலையோரத்துக் குடும்பங்களிடம் கலப்பில்லாமல் இருக்கும் கொண்டைச் சேவல் ஒன்றையும் அடை உட்காருகிற பெட்டைகளையும் தேடி விடுவதாகச் சொல்லியிருக்கிறார். அத்தை நோட்டுப் போடுவார், எழுதுவது அவர் பேத்தி.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கம் இருக்கிற வாசகர்களே, உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ தானே அடை காத்துக் குஞ்சு பொரித்து வளர்க்கிற கொண்டைக்கோழி இருந்தால் அதைக் கறிக்கு அனுப்பிவிடாதீர்கள். வியாபாரிக் குஞ்சுகளோடு சேர விடாதீர்கள். கூடப்பிறந்த சேவலையே வைத்துக்கொள்ளாமல், அடுத்த ஊர்க்காரரோடு சேவலை மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நாட்டு இனங்களை வளர்ப்பவர்களுக்கு விருது கொடுத்து ஊக்குவிக்கும் சேவா அமைப்பு மதுரையில்தான் இருக்கிறது, அவர்களுக்கும் தெரியப்படுத்துங்கள். இந்தப் பத்திரிகைக்கு ஒரு தபால் அட்டை போட்டாலும் போதும், மாமாவிடம் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
சாங்க்ட் காலனிலிருந்து