கட்கியின் கோடையும் என் மோட்டார் சைக்கிளும்

கட்கிக்குப் புதிதாக வந்து குடியேறும் நம்மவர் முதல் ஆண்டில் ஒரு பிழை செய்கின்றனர். இவ்வூர்க் கோடையை நம் ஊர்ப் பஞ்சாங்கத்தைக் கொண்டு கணக்கிடுகின்றனர். அக்கினி நட்சத்திரம் மே மாதம் 4ஆம் தேதியளவில்தானே தொடங்குகிறது, அதுவரை அஞ்ச வேண்டுவதில்லை என்று இருந்துவிடுகின்றனர். புனே நகரத்து வெயிலோ அவ்வளவு நாள் பொறுத்திருப்பதில்லை. மார்ச்சுக் கடைசியிலேயே அது முற்றிவிடுகிறது. ஏப்ரல் மாதத்துப் பகல் வெப்பம் சராசரியாகவே 38 டிகிரி; 40ஐத் தொடும் நாட்களும் உண்டு. ஊரில் கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதப் பிற்பகுதியிலோ இங்கு மாலை வேளைகளில் இடியோடு மழை கொட்டி மண் குளிரத் தொடங்கிவிடும்.

இதை எழுதும் நான் மருத்துவனல்லன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவன். கட்கியில் குடியிருந்துகொண்டு, சிஞ்ச்வட் பக்கம் அலுவலுக்குச் சென்று வருகிறேன். ரயில்காரன் ரயிலில் போகாமல் மோட்டார் சைக்கிளில் போவானேன் என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. பிற்பகல் இரண்டு மணி ஷிப்டுக்கு ஒத்துவரும் லோக்கல் வண்டி எனக்கு வாய்க்கவில்லை, அவ்வளவே. ஆகவே ஒன்று விட்டு ஒரு வாரம், நடுப்பகல் ஒரு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறேன். எட்டுக் கோடைகளை இவ்வாறு கழித்தவன் என்ற ஒரே உரிமையில் இதை எழுதத் துணிந்தேன்.

ஆங்கிலேயர் கிர்க்கி என்று எழுதிய இவ்வூர் தொன்றுதொட்டே பட்டாள ஊர். பேஷ்வாவின் படையும் கும்பினிப் படையும் இங்கு மோதிக்கொண்டது 1817 நவம்பர் 5ஆம் நாள். ஏப்ரலில் அல்லாமல் நவம்பரில் போரிட்டார்களே, அந்த மட்டில் இரு தரப்பாரும் புத்திசாலிகள்! 1869இல் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. கன்டோன்மென்ட் சாலைகளில் ஆலும் வேம்பும் தூங்குமூஞ்சி மரங்களும் நின்று நிழல் தருகின்றன. அந்த நிழல்தான் நம்மை ஏமாற்றுவது. கட்கி பஜாரைக் கடக்கும்வரை, வெயில் தாங்கத்தக்கதே என்ற எண்ணம் மனத்தில் ஊறிவிடும். போப்போடி தாண்டி, ஹாரிஸ் பாலத்தின் மேல் முளா நதியைக் கடந்து, தாபோடியில் பழைய மும்பைச் சாலை அகன்று விரியும்போதுதான் உண்மை தெரியவரும். மேலே சூரியன், கீழே தார். இடையில் நாம். மே மாத நடுவில், 13ஆம் தேதியையொட்டி, புனேயில் கதிரவன் சரியாகத் தலைக்கு மேலே வந்து நிற்கும். நட்ட கம்புக்கும் அப்போது நிழல் விழாது. இப்போது மெட்ரோப் பாலம் வந்திருப்பதால், அந்த வேளையில் அதன் நிழல் நேர் கீழே ஒரு பட்டைபோல் கிடக்கிறது. சிக்னலில் நிற்கும் வண்டிகளெல்லாம் அப்பட்டைக்குள் நெருக்கியடித்து நிற்பதைக் காணலாம். புதுச்சேரியில் 2024ஆம் ஆண்டுக் கோடையில் சிக்னல்களின் மேல் பச்சை வலைப்பந்தல் கட்டினார்கள். இங்குப் பாலமே எங்களுக்குப் பந்தல்.

நாளேட்டில் காணும் டிகிரிக் கணக்கை நம்பி வண்டியெடுப்பதும் தவறு. வானிலைத் துறையின் தலைமையகம் சிம்லாவிலிருந்து 1928இல் புனேக்கு வந்தமையால், சிவாஜிநகரில் அந்தக் கட்டடத்தை இன்றும் 'சிம்லா ஆபீஸ்' என்றே வழங்குகின்றனர். பெயர் குளிர்ச்சி, அங்கிருந்து வரும் செய்தி கொதிப்பு! ஆனால் வானிலையார் சொல்வது நிழலில், காற்றோட்டமுள்ள மரப்பெட்டிக்குள் வைத்து அளந்த வெப்பம். தார்ச்சாலையும் தண்டவாளமும் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. கோடையில் தண்டவாளம் 60 டிகிரிக்கு மேலும் காயும். இரும்பு நீண்டு வளைந்துவிடுமோ என்று, வெப்பம் குறித்த அளவைத் தாண்டியதும் ரயில்வேயில் ஆள் விட்டுப் பாதையை ரோந்து பார்ப்பார்கள். இரும்புக்கு ரோந்து உண்டு. சாலையில் போகிறவன் தன் ரோந்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். நான் அதைப் பாராமல் இருந்த ஒரு நாளைச் சொல்லுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் மாதம். மகளுக்கு அப்போது ஏழு வயது. பரீட்சை முடிந்திருந்தபடியால், சிஞ்ச்வட்டில் உள்ள என் தமக்கை வீட்டில் அவளை விட்டுவிட்டு அலுவலுக்குப் போகலாம் என்று கிளம்பினேன். காலையில் தேநீர் இரண்டு குவளை குடித்ததன்றி வேறொன்றும் இல்லை. அரைக்கைச் சட்டை. தலைக்கவசத்தைப் புழுக்கத்துக்கு அஞ்சிப் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்திருந்தேன். குழந்தைக்கோ கவசமே வாங்கியிருக்கவில்லை. தாபோடி கடந்ததும் தலை கனத்தது. உடம்பில் வேர்வையே தெரியவில்லை. அதை நன்மை என்றே எண்ணிக்கொண்டேன். காசர்வாடி சிக்னலில் நின்றோம். பின்னாலிருந்த குழந்தை, "அப்பா, பச்சை போட்டாச்சு" என்றாள். அது என் காதில் விழுந்தது, பொருள் விளங்கவில்லை. "அப்பா, போங்கப்பா" என்று முதுகில் தட்டினாள். எங்கே போகவேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பின்னாலிருந்த லாரி ஒலி எழுப்பியதும் திடுக்கிட்டு வண்டியை முறுக்கினேன். அது ஒருபுறமாகச் சாய்ந்தது. விழாமல் தப்பியது தெய்வச் செயல்.

ஓரத்தில் கரும்புச்சாற்றுக் கடை வைத்திருந்த பெரியவர் ஓடிவந்து வண்டியைப் பிடித்தார். இவ்வூரார் அக்கடையை 'ரசவந்தி' என்பர். என்னை நிழலில் அமர்த்தித் தலையிலும் கழுத்திலும் மண்பானைத் தண்ணீரை ஊற்றினார். எனக்கு 'ஊன்' பட்டுவிட்டது என்றார். தமிழில் ஊன் என்றால் உடம்பு. மராத்தியில் ஊன் என்றால் வெயில். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்பதை அன்று ஒரே சொல்லில் கற்றுக்கொண்டேன். அலுவலுக்கு அன்று விடுப்பு எழுதினேன். குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த லாரியின் முகப்பு இன்றும் சில இரவுகளில் கண்முன் வருகிறது.

நடந்தது யாதென்று பின்னர் ஒரு டாக்டர் விளக்கினார். நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை, ஓட ஓட உடம்பு குளிரும். காற்று அதைத் தாண்டிச் சூடேறிவிட்டாலோ, வேகமாகப் போகப் போக வெப்பமே உடம்பில் மோதுகிறது. அடுப்பை ஊதுகுழலால் ஊதுவது போல. அப்போது நம்மைக் காப்பது வேர்வை உலர்வது ஒன்றே. சென்னையில் காற்று ஈரமாகையால் வேர்வை உலராமல் வழியும், நனைந்துவிட்டோம் என்று தெரியும், தண்ணீர் கேட்போம். கட்கியின் வறண்ட காற்றிலோ, ஓடும் வண்டியில், வேர்வை தோன்றும்போதே உலர்ந்துவிடும். உடம்பிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. சென்னை வெயிலில் பழகியவன் இங்கு ஏமாறுவதன் காரணம் இதுவே.

ஆகையால் வெயிலில் சட்டையைக் குறைப்பது சரியன்று, கூட்டவேண்டும். வெளிர்நிறத்தில், தளர்ந்த முழுக்கைப் பருத்திச் சட்டை வெயில் நேரே தோலைச் சுடாமல் தடுக்கும். வேர்வையும் சற்று நின்று உலரும். புனே நகரத்துப் பெண்கள் ஸ்கூட்டரில் செல்லுகையில் கண்கள் தவிர முகமெல்லாம் துணியால் சுற்றிக்கொள்வதைக் கண்டு, வந்த புதிதில் நானும் என் மனைவியும் சிரித்திருக்கிறோம். இன்று அவளே அவ்வாறு சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போகிறாள். நான் ஒரு பருத்தித் துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்தில் சுற்றிச் சட்டைக்குள் செருகிக்கொள்கிறேன். தாபோடி வருவதற்குள் காய்ந்துவிடும்; ஹாரிஸ் பாலத்துக்கு அப்பால் ஓரிடத்தில் நின்று மீண்டும் நனைப்பேன். துண்டின் முனையோ, சேலைத் தலைப்போ, துப்பட்டாவோ வெளியே தொங்கலாகாது. சக்கரம் அதை ஒருமுறை பற்றினால் போதும்.

இனி தலைக்கவசம். இதைப்பற்றி இந்நகரத்தில் பேசுவதே வம்பு. 2019 ஜனவரியில் போலீசார் கண்டிப்பைத் தொடங்கியபோது எதிர்த்து ஊர்வலமே போனார்கள். 'வெயிலில் மண்டை வேகிறது' என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. நானும் அதையே சொல்லிக்கொண்டுதான் டாங்கின் மேல் வைத்திருந்தேன். ஒரு வேடிக்கை பாருங்கள்: இதே பட்டாள ஊரில் ஆங்கிலச் சிப்பாய்கள் வெயிலுக்காகவே தலையில் ஒன்றைச் சுமந்தார்கள். அதுவே சோலா தொப்பி. கதிரவன் கதிர் மண்டையையும் முதுகெலும்பையும் துளைத்து நோயுண்டாக்கும் என்று நம்பி, முதுகுக்குத் தனியே ஒரு பஞ்சுத் திண்டும் தைத்து அணிந்தனர். வெயில் நோய்க்குக் காரணம் உடம்பு முழுதும் ஏறும் சூடு என்பதும், முதன்மையாக வேண்டியது தண்ணீர் என்பதும் தெளிவுபட்டு, இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் அத்தொப்பி வழக்கொழிந்தது. அத்தொப்பி எதனால் ஆனது என்றால் தஞ்சாவூர் அன்பர்கள் மகிழ்வார்கள். நம் நெட்டிதான்! 2020இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டில் கோயிலும் கோபுரமுமாகச் செதுக்குகிறார்களே, அதே நீர்ச்செடியின் தக்கை. இன்றைய கவசத்தின் உள்ளே வெண்மையாக இருக்கும் தெர்மாகோலும் ஏறக்குறைய அந்த இனமே, காற்றறைகள் நிறைந்தது, வெயிலின் சூட்டை எளிதில் உள்ளே விடாது. அடி விழும்போது தான் நொறுங்கி, மண்டை நொறுங்காமல் காப்பது அதன் முதல் தொழில். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கவசம் மரண அபாயத்தை நூற்றுக்கு 40 அளவும், தலையில் பலத்த காயம் படும் அபாயத்தை 70 அளவும் குறைக்கிறது. 2022இல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டவர் 1,68,491 பேர்; அவர்களுள் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்.

புழுக்கமும் உண்மைதான், மறுக்கவில்லை. காற்றுத் துளைகளுள்ள, வெளிர்நிற, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற கவசமாகப் பார்த்து வாங்கினால் பாதி குறையும். உள்ளே மெல்லிய பருத்திக் குல்லாய் ஒன்று போதும். தடித்த துண்டை மடித்து வைத்துக் கவசத்தைக் கவிழ்ப்போர் உளர். அது தளர்ந்து, விழும்போது கழன்றுவிடும். நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் கவசம் வேண்டும் என்பது இன்று சட்டம். அந்த ஏப்ரலுக்கு மறுநாளே என் மகளுக்கு ஒன்று வாங்கினேன். நீல நிறம்தான் வேண்டுமென்றாள்.

குடிப்பதற்கு இவ்வூரில் பஞ்சமில்லை. நம் நீர்மோரை இவர்கள் 'தாக்' என்பர். நம் பானகத்தின் இடத்தில் மாங்காய் வேகவைத்துக் கரைத்த 'பன்ஹே' இருக்கிறது. கோகம் சர்பத்தும் உண்டு. ஆயினும் நான் வீட்டில் நீராகாரத்தில் உப்பிட்டு ஒரு செம்பு குடித்துவிட்டே கிளம்புகிறேன். தாகம் எடுத்தபின் குடிப்பது காலதாமதம். வெகுநேரம் வெயிலில் அலைகிறவர்கள் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலந்துகொள்ளலாம். 1971இல் வங்க அகதிகள் முகாமில், பன்காவ் என்னுமிடத்தில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் காலராவில் துவண்டவர்களை உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுத்தே பிழைக்கவைத்தார். இரத்த அழுத்தமோ நீரிழிவோ உடையவர்கள் மட்டும் தம் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுதல் நலம். சட்டைப்பையில் வெங்காயம் வைத்துக்கொண்டால் வெயில் அண்டாது என்பது இங்குள்ள பெரியவர்களின் நம்பிக்கை. நானும் ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். அலுவலகத்தில் அருகில் அமர்பவர் இடம் மாறிக்கொண்டார். வேறு பலன் காணவில்லை.

வண்டியைப்பற்றிச் சுருக்கமாக. டயரின் காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் அளக்கவேண்டும். வெயிலில் ஓடி வந்தபின் அழுத்தம் கூடித் தெரியும்; அதைக் கண்டு காற்றை இறக்கினால் டயர் மேலும் சூடேறும். கறுப்பு ரெக்ஸின் இருக்கையின் மேல் ஒரு துணி போட்டு வையுங்கள். குழந்தைகளின் தொடை வெந்துவிடுகிறது. நெடும்பயணமாயின் விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பிப் பத்துக்குள் எங்கேனும் தங்கிவிடுவது உத்தமம்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் இவற்றில் ஒன்று தோன்றினாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். 'இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே' என்ற எண்ணம் வருமே, அதுவே மூளை கலங்கத் தொடங்கியதன் அறிகுறி என்று கொள்ளுங்கள். ஒருவர் பிதற்றினாலோ, நினைவு தப்பினாலோ, நிழலில் கிடத்தி, உடைகளைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறவேண்டும், 108க்குச் சொல்லவேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஜுர மாத்திரை இதற்குப் பயன்படாது.

இவ்வாரமும் எனக்கு இரண்டு மணி ஷிப்டு. காசர்வாடிப் பெரியவர் கடையில் ஐந்து நிமிடம் நிற்கிறேன். காசு வாங்க மறுத்தவர், இப்போது பழகிவிட்டதால் வாங்கிக்கொள்கிறார். ஒன்றுதான் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. கவசத்தின் உள்ளிருக்கும் பஞ்சுத்துணி வேர்வையில் ஊறி, எத்தனை முறை அலசி உலர்த்தினாலும் நாற்றம் போவதில்லை. வேப்பிலை வைத்தும் பார்த்துவிட்டேன். வழி கண்ட அன்பர்கள் எவரேனும் இருப்பின் அடுத்த இதழுக்கு எழுதினால் வீட்டிலுள்ளோர் மிகவும் நன்றியுடையவராவர்.