முள் உரைத்த சாட்சி

மானிடர்க்குச் சுரம் கண்டால் நாடி பார்த்துச் சொல்ல வைத்தியர் உளர். வாய் பேசா எஞ்சினுக்குச் சுரம் கண்டாலோ, அதனை அறிவிப்பது ஓட்டுநரின் கண்ணெதிரே நிற்கும் ஒரு சிறு முள்ளேயாம். சென்ற கோடை விடுமுறையில் அம்முள் எனக்குக் கற்பித்த பாடமொன்றை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

எம் இல்லத்தில் ஒரு பழைய டீசல் ஜீப்பு உண்டு. அதன் வயது என் வயதினும் மிகுதி. வத்தலக்குண்டுக்கு அருகிலுள்ள எம் ஊரினின்று கொடைக்கானலுக்கு அரிசி மூட்டைகளை ஏற்றிச் சென்று, காய்கறியோடு மீள்வது அதன் தொழில். குடும்பத்தின் சீவனமும் என் கல்லூரிச் சம்பளமும் அதனாலேயே நடந்து வருகின்றன. அதனை ஓட்டுபவர் நெடுங்காலமாக எம்மோடிருக்கும் ஒரு முதியவர். யான் அவரை மாமா என்றே அழைப்பது வழக்கம்.

சித்திரை மாதத்தில் ஒருநாள், மலையேறுங்கால், வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. மறுநாளும் அவ்வாறே ஆயிற்று. பட்டறையில் காட்டியபோது, யாதொன்றையும் சோதியாமலே, "சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியே ஆகவேண்டும்" என்று கூறி ஒரு தொகையையும் குறித்தனர். அத்தொகை, என் சம்பளத்திற்கென்று தகப்பனார் சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதையும் விழுங்கத் தக்கதாயிருந்தது. யானோ, மாமா தண்ணீர் பாராமல் வண்டியைக் கெடுத்துவிட்டார் என்று மனத்துள் தீர்ப்பெழுதி, அதனை அவர் செவிபடவே தகப்பனாரிடம் சொல்லியும் விட்டேன்.

மாமா சினந்தாரில்லை. "தம்பி, முள் சொல்வது மெய்யா பொய்யா என்று முதலில் பார்ப்போம், குற்றம் யாருடையது என்று பிறகு பார்க்கலாம்" என்றார்.

மறுநாட் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், சாவியை மட்டும் திருப்பினார். முள் அடியிலேயே நின்றது. சென்சாரினின்று வரும் கம்பி எங்கேனும் தேய்ந்து வண்டியின் உடலில் பட்டிருந்தால், அப்பொழுதே முள் சிவப்பிற்குத் தாவியிருக்குமாம். பின்னர்ச் சென்சாரைக் கழற்றி, அதன் உடலை ஒரு கம்பியால் வண்டியோடு இணைத்து, கொதிநீரில் அமிழ்த்தினார். முள் உரிய இடத்திற்கு ஏறிற்று. சாட்சி பொய்யன் அல்லன் என்பது தெளிவாயிற்று.

அடுத்து, ரேடியேட்டரின் மூடியைத் திறந்தார். சூடாயிருக்கையில் அதனைத் திறத்தல் கூடாது. உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் வெந்நீர் முகத்திற் பாயும். நீர் குறைவின்றி இருந்தது; எண்ணெய்ப் படலம் இல்லை. எஞ்சினை ஓட்டியும் குமிழிகள் இடைவிடாது எழவில்லை. எஞ்சின் எண்ணெய் பாற்றேநீர் போல் வெளுத்திருக்கவுமில்லை. ஆதலின், ஹெட்டைக் கழற்ற வேண்டுமென்பதற்கு ஓர் அடையாளமும் அகப்படவில்லை. விசிறியின் பெல்ட்டு இறுக்கமாயிருந்தது. 82 டிகிரி அளவில் திறக்கவேண்டிய தெர்மோஸ்டாட்டும் திறந்தது. மேற்குழாய் உரிய காலத்திற் சூடேறியதே அதற்குச் சான்று.

"சமநிலத்தில் முள் நடுவில் நிற்கிறது, ஏற்றத்தில் மட்டுமே ஏறுகிறது. எஞ்சின் பாடுபட்டு உழைக்கும்போது பிறக்கும் சூட்டை வெளியேற்ற வழி போதவில்லை" என்று சொல்லி, எஞ்சினை நிறுத்திவிட்டு ரேடியேட்டரின் முகத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். மேற்பாகம் கை பொறாச் சூடு; கீழ்மூலையிலோ பல இடங்கள் குளிர்ந்திருந்தன. உட்குழாய்கள் அடைபட்டிருந்தன. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே திறந்த பாத்திரத்து நீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். மூடியின் அழுத்தம் ஒருவாறு காத்தாலும், அடைபட்ட ரேடியேட்டரோடு அம்மலையேறுதல் அபாயமன்றோ!

ரேடியேட்டர் வேலை செய்பவர் மேற்றொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுக் குத்தியபோது, வெண்சுண்ணாம்பு போன்ற காறை கைப்பிடி கைப்பிடியாய் உதிர்ந்தது. "எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள்?" என்று அவர் வினவினார். மாமா விடை கூறவில்லை, என்னையும் நோக்கவில்லை.

விடை எனக்குத் தெரியும். பள்ளியிற் படித்த நாள்தொட்டு, காலைதோறும் நீர் நிரப்பும் வேலை என்னுடையது. சேமித்த மழைநீரையே ஊற்றுமாறு மாமா பன்முறை சொல்லியிருந்தார். குடத்தைச் சுமக்கச் சோம்பி, யான் வீட்டுக் கிணற்றின் உப்புநீரையே ஊற்றி வந்தேன். கல்லூரிக்கு வந்த பின்னர் என் தம்பியும் அவ்வாறே செய்தான். எஞ்சினைக் கெடுத்தவன் யானே!

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்க என்று திருவள்ளுவர் கூறியதை வகுப்பில் மனனம் செய்து மதிப்பெண் பெற்றவன் யான். அதனை நடத்திக் காட்டியவரோ, கல்லூரி வாயிலை மிதியாத மாமா.

செலவு, பட்டறையார் குறித்த தொகையிற் பத்தில் ஒரு பங்கும் ஆகவில்லை. இப்பொழுது வாலைநீரில் கலந்த கூலன்டே ஊற்றப்படுகிறது. அடுத்த நடையில் யானும் மாமாவின் அருகமர்ந்து மலையேறினேன். முள் நடுவிலேயே நின்றது. "மாமா, என்னை மன்னியுங்கள்" என்றேன். அவர் சாலையினின்று கண்ணெடாமல், "முள்ளைப் பார்த்துக்கொள், தம்பி" என்றார்.