வெறும் வயிற்று மார்கழி

"யாரும்மா உன்னைத் தொரத்தினு வராங்க?"

மீன்காரம்மா கேட்டது சரியான கேள்வி. நொச்சிக்குப்பம் பக்கம், லூப் ரோடு ஓரத்தில், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். மணி ஆறேகால். கண் இருட்டி, கை நடுங்கி, காலணியின் கயிற்றைக்கூட அவிழ்க்க முடியவில்லை. 47 வயதில் முதல்முறையாக ஓட்டப் பயிற்சி தொடங்கி அன்று நான்காம் நாள். ஜனவரியில் 10 கிலோமீட்டர் ஓடிக் காட்டுவோம் என்று அலுவலகத் தோழிகள் ஆறு பேர் சபதம் எடுத்திருந்தோம். கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும் என் சபதம் முடிந்தது.

அவரே டீயும் பன்னும் வரவழைத்தார். "காலைல எதுனா துன்னியா?" இல்லை என்றேன். "அப்புறம் இன்னாத்துக்கு ஓடுற?"

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். ஏன் சாப்பிடவில்லை? யாரும் தடுக்கவில்லையே. அம்மா வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: குளித்து விளக்கேற்றாமல் பொம்பளைப் பிள்ளை வாயில் எதையும் வைக்கக்கூடாது. அப்பாவுக்கு அது கிடையாது, படுக்கையிலேயே காபி போகும். அண்ணனுக்கும் கிடையாது. சட்டம் போட்டவர்கள் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் அதிகாலை ஐந்து மணிக்கு என் கை பிஸ்கட் டப்பாவுக்குப் போவதில்லை.

சென்னைக் குளிரை வடக்கே இருப்பவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். மார்கழியில் வெப்பநிலை 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினாலே நாங்கள் காதைக் கட்டிக்கொள்வோம். அந்தப் பனியில் அம்மா நாலரை மணிக்கு வாசல் தெளிப்பார். மந்தைவெளியில் நாங்கள் இருந்த தெருவில் கோலப் போட்டி எழுதப்படாத ஒன்று. ஒரு மணி நேரம் குனிந்து, நகர்ந்து, உட்கார்ந்து, எழுந்து 21 புள்ளிக் கோலம் போட்டு, சாண உருண்டையில் பூசணிப்பூ செருகி நிமிரும்போது அம்மா இடுப்பைப் பிடித்துக்கொள்வார். இப்போது எங்கள் பயிற்சியாளர் சொல்லித்தரும் 'ஸ்குவாட்' அதைவிடக் குறைவுதான். அதுவும் வெறும் வயிற்றோடு.

அண்ணன் பஜனை கோஷ்டியோடு மாட வீதிக்குப் போவான். பாபநாசம் சிவன் நடத்திய மார்கழி பஜனையின் பெருமையை மயிலாப்பூரில் இன்றும் சொல்லுவார்கள். எட்டு வயது அண்ணனுக்கு அதன் பெருமை முடிவில் கிடைக்கும் சூடான வெண்பொங்கல். நெய் ஒழுகும் தொன்னையை நக்கி முடித்துவிட்டு வெறும் தொன்னையைக் கொண்டுவந்து என்னிடம் மோந்து பார்க்கச் சொல்வான். நான் கோலத்துக்குக் காவல், மாடு மிதித்துவிடக் கூடாது.

பள்ளியில் திருப்பாவை ஒப்பித்தல் போட்டியில் இரண்டு முறை பரிசு வாங்கியிருக்கிறேன். நடுவர்கள் ராகத்தைப் பார்த்தார்கள், உச்சரிப்பைப் பார்த்தார்கள். அந்தப் பாட்டில் வரும் பெண்களின் பசியை யாரும் பார்க்கச் சொல்லவில்லை. இரண்டாம் பாசுரத்தில் அவர்கள் நெய்யையும் பாலையும் விடுகிறார்கள். குளிரில் விடியும் முன்னே எழுந்து, ஒருத்தியை ஒருத்தி எழுப்பி, ஊரையே சுற்றுகிறார்கள். இருபத்தேழாவதில் நகை கேட்கிறார்கள், துணி கேட்கிறார்கள், பிறகு பால்சோறு கேட்கிறார்கள். நெய் கையில் வழிந்து முழங்கைக்குப் போகிற அளவுக்கு. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து. கூடாரவல்லியன்று அக்காரவடிசல் செய்யும் வீடுகளில் அதைக் கிண்டுகிற பெண் எப்போது உட்கார்ந்தாள் என்று கேட்டால் விஷயம் வேறு மாதிரி போகும்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4 வந்தது. 12 இருக்க வேண்டும். மருத்துவர் அதிர்ச்சியடையவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில், 15 வயதிலிருந்து 49 வரை, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. நான் அந்தப் பாதியில் ஒருத்தி, அவ்வளவுதான். மாத்திரை எழுதிக்கொடுத்து, "ஓடுவதற்கு முன்னால் ஏதாவது சாப்பிடுங்கள்" என்றார்.

தோழிகள் எனர்ஜி பார் வாங்கினார்கள். எனக்குப் பொரிவிளங்காய் உருண்டை நினைவுக்கு வந்தது. அம்மாவின் திருநெல்வேலிச் சரக்கு. புழுங்கலரிசி, பாசிப்பருப்பு, கடலைப்பருப்பு எல்லாம் தனித்தனியாகச் சிவக்க வறுத்து மாவாக்கி, வறுத்த வேர்க்கடலை, தேங்காய்ப் பல், சுக்கு, ஏலம் சேர்த்து, கெட்டிப் பாகு வெல்லத்தை ஊற்றி, கை பொறுக்காத சூட்டிலேயே பிடிக்க வேண்டும். ஆறினால் உதிரும். அம்மா அரிசி மாவைத் தொட்டுத் தொட்டுப் பிடிப்பார், உள்ளங்கை சிவந்திருக்கும். வறுப்பதில் ஈரம் போய்விடுகிறது, மிச்ச ஈரத்தை வெல்லப்பாகு பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் வாரக்கணக்கில் கெடாது. வெல்லம் உடனே தெம்பு தரும், பருப்பும் கடலையும் மெதுவாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். 40 கிராம் உருண்டை ஒன்று ஏறக்குறைய மூன்று சின்ன இட்லிக்குச் சமம். பையில் போட்டால் நசுங்காது. (பல் ஜாக்கிரதை.)

அப்பாவின் சபரிமலைப் பயணத்துக்கு அதைச் செய்வார். அண்ணனின் என்.சி.சி. முகாமுக்குச் செய்வார்.

போனில் பக்குவம் கேட்டபோது அம்மா, "யாருக்குட்டி, மாப்பிள்ளைக்கா?" என்றார். எனக்கு என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. "நீ தின்னிருக்கியாம்மா?" என்று கேட்டேன். "எனக்கு இப்ப பல்லா இருக்கு?" என்று சிரித்தார். நான் அப்போதைப் பற்றிக் கேட்டேன். அப்போது பல் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றை உரலில் நுணுக்கிச் சூடான பாலில் கரைத்துக் கொடுத்தேன். "சுக்கு கூடிப்போச்சு" என்றார். கிண்ணத்தைக் காலி செய்தார்.

இதோடு கதை நல்லபடியாக முடிந்திருக்கலாம். ஆனால் நான் ஆறு மணிக்கு ஓடப்போக முடிகிறதென்றால், ஆறரைக்கு அக்கா வந்து பாத்திரம் தேய்ப்பதால்தான். ஒரு டப்பா உருண்டையை அவரிடம் நீட்டினேன், சற்றுப் பெருமையாகவே. அவர் வாங்கவில்லை.

"எனுக்கு சுகரும்மா. மூணு வருசமா மாத்திரை போட்டுனுகிறேன். உனுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஆறு வருடமாக எங்கள் வீட்டில் வேலைசெய்கிறார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர். முன்பு அரை மணி நடை, இப்போது விடியுமுன் ஏறினால்தான் வேலைக்கு வந்து சேர முடியும். 2021 மே முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, மாதம் அந்தப் பணம் மிச்சம் என்பார். திட்டத்துக்கு விடியல் பயணம் என்று பெயர் வைத்தவருக்கு அக்காவின் பஸ் நேரம் தெரிந்திருக்க வேண்டும்.

"காலையில் என்னக்கா சாப்பிடுவீங்க?" அதையும் அன்றுதான் கேட்டேன். வெயில் காலத்தில் தண்ணீர் பாட்டிலில் கேழ்வரகுக் கூழ், மோர் விட்டு, உப்புப் போட்டு. பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கித் தானே கரைந்துவிடுமாம். மார்கழியில் கூழ் சளி பிடிக்கும் என்று முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. இரவே தட்டி, நாலாக மடித்துக் காகிதத்தில் சுற்றிக்கொள்வார். ஒரு கை கம்பியில், ஒரு கையில் அடை. தி.நகர் ஜவுளிக்கடையில் நிற்கும் அவர் மகளுக்கும் அதே பொட்டலம். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் வந்ததே என்றேன். "ஸ்டூல் போட்டுகிறாங்க. பஸ்ஸுல யாரு போடுவா?" என்றார். பேரனுக்கு மட்டும் கவலையில்லை, அரசுப் பள்ளியில் காலையிலேயே உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று தட்டில் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி சூடாக இறங்கும் ஏழு மணிக்கு அக்கா எங்கள் சிங்க்கில் கை வைத்திருப்பார்.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் போலக் கால்சியம், மேலே முருங்கைக்கீரை. நான் தேடிக்கொண்டிருந்த உணவு தினமும் என் வீட்டு வாசல்வரை வந்திருக்கிறது. அது நின்றுகொண்டே தின்னப்பட்டது என்பதுதான் எனக்கு உறைத்தது. கையில் எடுத்துப்போகிற பலகாரத்தை நான் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். எனக்கு அது ஓடுவதற்கு. அக்காவுக்கு உட்கார நேரமில்லாததால்.

ஏழரைக்கு வரட்டும் என்று சொன்னேன். காலைப் பாத்திரம் இனி கணவர் பொறுப்பு. முதல் வாரம் குக்கரின் கைப்பிடியில் சோப்பு காய்ந்திருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மூன்றாம் மாடி வீட்டில் ஆறு மணி ஆறு மணிதான், மாற்ற மறுத்துவிட்டார்கள். ஆகவே அக்கா அதே பஸ்ஸில்தான் வருகிறார். கிடைத்தது நடுவில் அரை மணி நேரம். எங்கள் அடுக்ககத்தில் வீட்டுவேலை செய்பவர்கள் உட்கார ஓர் இடம் இல்லை, காவலாளிக்கு மட்டும் ஒரு நாற்காலி. எங்கள் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டேன். "அங்க எனுக்கு எறங்காதும்மா" என்று மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

ஓட்டம் முடித்து நேரே மாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழாத பக்கம், வெயில் படும் இடமாகப் பார்த்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காகிதத்தைப் பிரித்தார், ஓர் அடையைக் கிள்ளி என் பக்கம் நீட்டினார்.

"குளிச்சியா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

"பரவால்ல, துன்னு."