கவாலியே

பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு நம் புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன் நான். ஆபீஸில் எல்லாம் ஆங்கிலம். "உங்க பிரெஞ்சு எதுக்கு உதவுச்சுப்பா?" என்று என் மகனே கேட்பான். ஒருமுறை உதவியது. அதைச் சொல்கிறேன்.

2000ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசி. புயல் வருகிறது என்று செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுத் தம்பி ஒரு பெட்டியோடு வந்தான். அவன் உரிமம் வாங்கிய ஹாம், அதாவது அமெச்சூர் வானொலிக்காரன். சொந்தத்தில் ஒரு சொல்தா தாத்தா பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த பழைய டிரான்ஸ்மிட்டர் அது. புத்தகம் முழுவதும் பிரெஞ்சு.

"மாமா, அகராதியைப் பார்த்தா குதிரை வீரன்னு வருது. டிரான்ஸ்மிட்டர்ல குதிரை எங்கே?"

புத்தகத்தில் இருந்த சொல் 'கவாலியே'. குதிரை மேல் போகிறவனுக்கும் சதுரங்கக் குதிரைக்கும் அதுதான் பெயர். பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்ததும் தம்பி சிரித்துவிட்டான். "இது ஜம்பர், மாமா!" உளுந்து அளவு பிளாஸ்டிக் மூடி, உள்ளே சிறு உலோகத் தகடு. பலகையில் நிற்கும் இரண்டு பின்களின் மேல் செருகினால் இரண்டையும் இணைக்கும். குதிரை மேல் காலைப் போட்டு உட்கார்ந்தவன் மாதிரியேதான் இருந்தது.

நான் படிக்கப் படிக்க அவன் செய்தான். முதலில் மின்சாரத்தைத் துண்டித்துச் சற்று நேரம் காத்திரு. கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பிறகு மூடியைக் கழற்று. ஆன்டெனா இணைக்காமல் ஒருபோதும் ஒலிபரப்பாதே. கடைசிக்கட்ட டிரான்சிஸ்டர் போய்விடும்.

அடுத்த வரி: கவாலியே 'ஃபெர்மே' என்றால் 25 வாட், 'உவேர்' என்றால் 5 வாட். ஃபெர்மே என்றால் மூடியது. கடைக்கதவில் தொங்கும் பலகையில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! "மூடினா வேலை நிறுத்தம், தம்பி. அதனாலே ஜம்பரை எடுத்தா 25, போட்டா 5" என்றேன்.

அவன் யோசித்தான். "இல்லை மாமா. கரண்ட்டுல மூடின சுற்றுதான் ஓடும், திறந்தா நின்னுடும். எடுத்தாத்தான் 5 வாட்." கார் பேட்டரியில் ஓட்டப்போகிறான், சிக்கனம் வேண்டும். ஜம்பரை எடுத்து, தொலைந்துபோகாமல் ஒரே ஒரு பின்னில் மட்டும் மாட்டிவைத்தான்.

29ஆம் தேதி புயல் கடலூர்ப் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, டெலிபோனும் செத்துவிட்டது. இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். இரைச்சலுக்கு நடுவே கடலூரிலிருந்து இன்னொரு ஹாம் பதில் சொன்னார். அங்கே மகளைக் கட்டிக்கொடுத்திருந்த பக்கத்து வீட்டு அம்மாள் அழுதே விட்டார். மறுநாள் காலை அவர் மூலமாகவே மகள் நலம் என்று தகவல் வந்தது. அதுவரை பேட்டரி தாங்கியது. என் பேச்சைக் கேட்டிருந்தால் முன்னிரவிலேயே தீர்ந்திருக்கும்.

எனக்கு அந்த மொழி தெரியும், அவனுக்கு அந்தத் தொழில் தெரியும். ஒருவரை விட்டு ஒருவர் அந்தப் பக்கத்தைத் தாண்டியிருக்க முடியாது. இதை என் மகனிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.