முருகைக்கல்லின் நிறம்

எங்கள் பாடசாலையின் விஞ்ஞான அலுமாரியில் ஒரு முருகைக்கல் இருக்கிறது. மான்கொம்பு போலக் கிளை விட்டது, பால் வெள்ளை நிறம். 2011ஆம் ஆண்டு ஒரு கண்காட்சியில் எங்கள் பாடசாலைக்கு இரண்டாம் இடம் வாங்கித் தந்தது. புதிதாக மாற்றலாகி வரும் ஆசிரியர்கள் அதைக் கையிலெடுத்து, "மாஷா அல்லாஹ், என்ன வடிவு" என்பார்கள். நான் பேசாமல் இருந்துவிடுவேன். அதன் கதையை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

கண்காட்சிக்குக் கடல்படு பொருட்கள் கொண்டுவரும்படி பிள்ளைகளிடம் கேட்டிருந்தேன். சங்கு, சிப்பி, காய்ந்த நட்சத்திர மீன் எல்லாம் வந்தன. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தான். அவனுடைய வாப்பா கற்பிட்டிக் கடலில் சுழியோடி அலங்கார மீன் பிடிப்பவர். வாளிக்குள் மண்ணிறத்தில், தொட்டால் வழுவழுவென்று ஒரு கிளை கிடந்தது. எனக்கு ஏமாற்றம்தான்.

"சேர், இது உசிரோட இரிக்கிது. தண்ணி மாத்தாட்டி மௌத்தாப் போயிரும்."

நான் சிரித்தேன். கலாசாலையில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தவன் நான். முருகைக்கல் என்றால் எனக்குக் கல்தான், பெயரிலேயே கல் இருக்கிறதே! கற்பிட்டியில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையின் சுவரிலும் அதே கல்தான் இருக்கிறது. அதற்கா உயிர் என்று வாளியை மூலையில் வைக்கச் சொன்னேன். மறுநாள் காலையில் அறைக்கதவைத் திறக்க முடியவில்லை. அழுகிய மீன் வாடை. கிளையிலிருந்து தோல் சளிபோல் கழன்று தண்ணீரில் மிதந்தது. அதை பிளீச்சிங் பவுடர் கரைசலில் இரண்டு நாள் ஊறவைத்து வெயிலில் காயப்போட்டேன். அந்த வெண்மை அப்படி வந்ததுதான். நடுவர்கள் அதைத்தான் விசேஷமாகப் பாராட்டினார்கள். பையன் கண்காட்சிக்கு வரவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். வெட்கம் மனிதனை எவ்வளவு படிக்க வைக்கிறது! முருகைக்கல் என்று நாம் சொல்வது ஓர் உயிரின் வீடு. ஆயிரக்கணக்கான சிறு உயிர்கள் கடல் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தமக்கடியில் கட்டிக்கொண்டே போகின்றன. அவற்றின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலைக் கொண்டு உணவு சமைத்து, வீட்டுக்காரருக்குப் பெரும் பங்கைக் கொடுப்பவை அவைதான். அந்த மண்ணிறம் இந்தக் குடியிருப்பாளர்களின் நிறம். கோடையின் வழக்கமான உச்சச் சூட்டைவிட ஒரு பாகை கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே உறவு முறிந்து பாசிகள் வெளியேறிவிடுகின்றன. கண்ணாடி போன்ற தசையூடாக எலும்பு தெரிகிறது. அந்த வெண்மை சாவு அல்ல, பட்டினி. கடல் சீக்கிரம் குளிர்ந்தால் பாசிகள் மீண்டும் பெருகும், நிறமும் திரும்பும். குளிராவிட்டால் சாவுதான்.

எங்கள் கரைக்கு வெளியே, 1992இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட பார் றீஃப் இதையெல்லாம் அனுபவித்திருக்கிறது. (மன்னார்க் கடலில் முத்துச் சிப்பி விளையும் தளத்தைப் 'பார்' என்பார்கள். இந்தப் பெயரிலும் அந்தப் பார்தான் ஒளிந்திருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.) 1998இன் எல் நினோச் சூட்டில் அங்கே ஆழம் குறைந்த பகுதியின் முருகைகள் ஏறக்குறைய முழுவதும் மடிந்தன. இனி அவ்வளவுதான் என்றிருக்க, சில வருடங்களில் மேசை போல் விரியும் அக்ரோபோரா இனம் மீண்டும் படர்ந்தது. நாராவின் ஆய்வாளர் அர்ஜான் ராஜசூரிய போன்றோர் இந்த மீட்சியைப் பதிவு செய்திருக்கிறார்கள். 2016இல் மறுபடியும் சூடு. எழுந்ததில் பெரும் பகுதி திரும்பவும் விழுந்தது.

1990 ஒக்டோபரில், ஒன்பது வயதில், மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து நான் இறங்கியதும் இந்தக் கரையில்தான். உம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன். கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. இன்றும் எனக்கு நீந்தத் தெரியாது.

தோஹாவில் வேலை செய்யும் மச்சானிடம் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. பண்ணையில் வளர்த்த முருகைத் துண்டுகளைக் கடையில் வாங்கி வளர்க்கிறார். ஒருமுறை, நிறம் மங்கி மண்ணிறமாகிப்போன துண்டொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கிவந்து வாட்சப்பில் காட்டினார். எனக்குப் பார்த்த முகம் போலிருந்தது.

"இது சொகமில்லாத நிறம் மச்சான். தண்ணியில கழிவு கூடினா உள்ளுக்குள்ள பாசி மிஞ்சிப் போயிரும்" என்றார்.

ஐந்து மாதம் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பது போல் பார்த்தார். மீனுக்குத் தீனியைக் குறைத்தார், வாரா வாரம் பத்திலொரு பங்கு நீரை மாற்றினார். விளக்கொளியை ஒரேயடியாகக் கூட்டாமல் வாரக் கணக்கில் மெல்ல ஏற்றினார். லீற்றருக்கு 420 மில்லிகிராம் கல்சியம், 25 பாகை சூடு என்று இரவில் அளந்து எழுதி வைத்தார். முதலில் நுனிகளில் ஊதா வந்தது, பிறகு உடலெல்லாம். நான் உண்மையில் பொறாமைப்பட்டேன். அவருடைய கடலுக்குக் குளிரூட்டி இருக்கிறது.

உலகளாவிய நான்காவது வெளிறல் என்று விஞ்ஞானிகள் 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். அடுத்த மாதமே அந்தப் பழைய பையன் என்னைத் தேடி வந்தான். இப்போது உல்லாசப் பயணிகளைப் படகில் ஏற்றிச் செல்கிறான். கைபேசியில் ஒரு படம் காட்டினான். கடலடி முழுக்க என் அலுமாரியின் நிறம்.

"செத்ததா சேர்?"

பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு அவன் என்னிடம் கேட்கிறான்.

"இல்ல வாப்பா, பசியில கிடக்குது. பொறுத்துத்தான் பார்க்கணும்" என்றேன். வாளியைப் பற்றியும் அன்றைக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன். "அத நான் மறந்தே போனேன் சேர்" என்றான். அவன் மறக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

சோளகம் அடங்கி, நவம்பரில் என்னைக் கூட்டிப்போனான். உயிர்காப்பு அங்கியும் முகக்கண்ணாடியும் மாட்டி, படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு முகத்தை நீருக்குள் வைத்தேன். மேசை முருகைகள் பாசி மூடி, பழைய பள்ளி மதில் போல் கறுத்துக் கிடந்தன. இரண்டு மூன்று இடிந்து சரிந்திருந்தன. பார்த்தது போதும் என்று தலையைத் தூக்கப் போனபோது அவன் நீருக்குள்ளிருந்து கையைக் காட்டினான். ஒரு கல்லின் நிழற்பக்கத்தில், உள்ளங்கையளவு, கிளை விட்டு ஒன்று. ஊதா இல்லை, நீலம் இல்லை. 

மச்சானுக்குப் பிடிக்காத அதே மண்ணிறம்.